காட்டோர உறவினர் வீட்டுக்குப் போகுமுன்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பல குடும்பங்கள் வன்னிக் கிராமங்களில் உள்ள உறவினர் வீடுகளுக்குச் சென்று சில நாட்கள் தங்கி வருவது எம்மவரிடையே நெடுநாள் வழக்கம். ஓகஸ்ட் 15ஆம் திகதி மருதமடு அன்னையின் திருவிழாவுக்கு வருகிறவர்களிலும் பலர், திருவிழா முடிந்த கையோடு ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டுப் பக்கங்களில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய் இரண்டு மூன்று நாள் இளைப்பாறிவிட்டே ஊர் திரும்புகிறார்கள்.

நகரத்தில் கிடைக்காத பல நன்மைகள் அங்கே உண்டு. விடியற்காலையில் காட்டுக்கோழி கூவும், மயில் அகவும். வளவு வேலிக்கு அப்பால் புள்ளிமான் கூட்டம் மேயும். முற்றத்து மரநிழலில் பாயைப் போட்டால் பகல் முழுவதும் கதைத்துக்கொண்டிருக்கலாம். பட்டித் தயிரும், காட்டுத்தேனும், கோடையில் பாலைப்பழமும் கிடைக்கும். பிள்ளைகள் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் மறந்துவிடுவார்கள். உழைத்துக் களைத்த குடும்பத்துக்கு இது நல்ல ஓய்வு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதே வீட்டில் வாழ்கிறவர்களின் நிலை வேறு. பயிர் முற்றும் காலத்தில் விருந்தாளிகள் நித்திரை கொள்ளும் இரவுகளில் வீட்டுக்காரர் ஒருவராவது விழித்திருக்கிறார். நாய் குரைக்கும் தொனியை வைத்தே வந்திருப்பது பன்றியா, யானையா என்று அறிந்து எழுந்து போகிறார். காடும் வனவிலங்குகளும் எமக்குச் சில நாள் காட்சி. அவர்களுக்கோ அன்றாடம் கணக்கில் எடுக்கவேண்டிய அயலவர். அந்த அயலவரோடு வாழ அவர்கள் பழகியிருக்கும் ஒழுங்கை, அறியாமல் வரும் விருந்தாளிகள் ஓரிரு நாளில் குலைத்துவிட முடியும். அப்படி நேராமல் இருப்பதற்கு அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு பார்ப்போம்.

யானை ஏன் ஊருக்குள் வருகிறது?

2011ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. யானைகள் சரணாலயங்களுக்குள் மட்டும் வாழ்கின்றன என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதமான பகுதியில் யானைகள் நடமாடுகின்றன. அந்தப் பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான இடங்களில் மக்களும் குடியிருக்கிறார்கள். எனவே யானையும் மனிதரும் ஒரே நிலத்தை, ஒன்று இரவிலும் மற்றது பகலிலுமாகப் பயன்படுத்தி வருகிறார்கள் என்று சொல்வதே பொருத்தம்.

வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்து போக, வயல்களிலும் வளவுகளிலும் பற்றை வளர்ந்தது. பராமரிப்பற்ற குளங்களைச் சுற்றிக் காடு நெருங்கியது. ஆள் இல்லாத இடத்தில் விலங்குகள் குடியேறின. 2009இல் போர் முடிந்தபின் மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, காடாகிப்போன தங்கள் காணிகளைத் திரும்பவும் வெட்டித் துப்புரவாக்கினார்கள். விலங்குகளோ தாம் பழகிய வழியை விட்டு விலகவில்லை.

வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ உணவும் 100 லீற்றருக்கு மேல் நீரும் தேவை. கோடையில் காட்டுக்குள் நீர்மடுக்கள் வற்றிவிடும். அப்போது குளங்களின் நீர் வற்ற வற்ற அலைகரையில் பசும்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கும் நீருக்குமாக யானைகள் குளப்பக்கம் வருகின்றன. குளத்தின் கீழேயோ சிறுபோக நெல் கதிர் முற்றி நிற்கும். விருந்தாளிகள் அதிகமாக வரும் ஓகஸ்ட் மாதம், யானைகளும் வரும் காலமே என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

இந்த நெருக்கத்தின் விலை பெரிது. 2019ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120 பேரளவில் மனிதரும் இந்த முரண்பாட்டில் உயிரிழந்தார்கள். இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலுக்குப் போகிறவர்களும் பொழுதுபட்டபின் வீடு திரும்புகிறவர்களுமான ஏழை விவசாயிகள்.

யானையின் நேரத்தை அறிந்து நடத்தல்

யானைகள் பகல் வெயிலில் காட்டு நிழலில் நின்றுவிட்டு, பொழுதுபடும் வேளையில் வெளியே வந்து, விடியுமுன் திரும்பிவிடும். ஆகவே காட்டோரக் கிராமத்தில் மாலை ஆறு மணிக்குப் பின்னும் காலை ஆறு மணிக்கு முன்னும் வீதி யானைக்குரியது என்று கொள்வது நல்லது.

நகரத்திலிருந்து போகிறவர்கள் செய்யும் முதல் பிழை, இரவில் போய்ச் சேருவதாகும். வான் பிந்திவிட்டது, வழியில் கோயிலுக்குப் போனோம் என்று இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்கினால், அவர்களை எதிர்கொள்ள வீட்டுக்காரர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ பிரதான வீதிவரை இருளில் வரவேண்டியிருக்கும். ஆபத்து விருந்தாளிக்கு மட்டுமல்ல, அழைக்க வந்தவருக்கும் உண்டு. பகலிலேயே போய்ச் சேரத்தக்கதாகப் புறப்பட வேண்டும். பிந்திவிட்டால் நகரத்திலேயே தங்கி மறுநாட் காலை போவது மேல்.

இருளில் நடமாட நேர்ந்தால் நல்ல வெளிச்சமுள்ள ரோச் லைற் அவசியம். யானையின் உள்ளங்கால் மெத்தை போன்றது. எவ்வளவு பெரிய உருவமாயினும் சத்தமின்றி நடக்கும்; அசையாமல் நின்றால் பற்றையோடு பற்றையாகத் தோன்றும். புதிதாக முறிந்த கிளை, ஈரம் காயாத இலத்தி, மரக்கொப்பு முறியும் ஓசை, காற்றோடு வரும் யானை மணம் ஆகியவற்றை ஊரவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள். அவர்கள் "நில்லுங்கோ" என்றால் காரணம் கேளாமல் நிற்க வேண்டும்.

வாகனத்தில் போகும்போது யானை எதிர்ப்பட்டால் தொலைவிலேயே நிறுத்தி, அது வீதியைக் கடந்து போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஹோர்ன் அடிப்பதும், விளக்கை மாறி மாறிப் பாய்ச்சுவதும், படம் எடுக்க இறங்குவதும் அதனைச் சினமூட்டும். தாய்க்கும் குட்டிக்கும் இடையிலோ, யானைக்கும் அது போகவிருக்கும் காட்டுக்கும் இடையிலோ ஒருபோதும் அகப்படக் கூடாது. ஓடினால் மனிதனைவிட யானை வேகமாக ஓடும்.

கொம்பில்லாத யானை பெண் யானையல்ல

கொம்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று நகரத்துப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. இலங்கையில் இது பொருந்தாது. எமது நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு. மற்ற ஆண் யானைகளை ஊரவர் அலியன் என்பர். வயல்களுக்கும் வீடுகளுக்கும் தனித்து வருவது பெரும்பாலும் இந்த அலியன்களே. கொம்பைக் காணவில்லை என்பதால் சாதுவானது என்று கிட்டப் போனவர்கள் உண்டு.

தனித்து நிற்கும் ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலிருந்து கன்னத்தில் நீர் வழிந்திருந்தால் அது மதங்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நாட்களில் அது வழமைபோல் விலகிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

கொண்டுபோகும் பண்டங்கள்

உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எமது பண்பாடு. வாழைக்குலை, பலாப்பழம், மாம்பழம், பாண், பணிஸ் எனக் கொண்டுபோகிறோம். யானையின் கண்பார்வை கூர்மையானதன்று. ஆனால் அதன் மோப்பம் மிகக் கூரியது. பழுத்த பழத்தின் மணத்தை நெடுந்தூரத்திலிருந்தே அறிந்து வரும். மண்சுவரும் கிடுகுக் கூரையும் அதற்கு ஒரு தடையல்ல. படுக்கும் அறைக்குள் நெல்மூட்டை அடுக்கியிருந்த வீடுகளை இரவில் யானை உடைத்ததில் உயிர்கள் போயிருக்கின்றன. உப்பையும் அது தேடி வரும். எனவே பழங்களை அன்றன்றே உண்ணக்கூடிய அளவில் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் பழக்கூடையை வைக்கக் கூடாது. நெல்மூட்டை இருக்கும் அறையில் விருந்தினருக்குப் பாய் விரிக்க வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கலாம். விருந்தாளியே அதைக் கேட்டறிந்து கொள்ளட்டும்.

மிஞ்சிய சோற்றையும் பழத்தோலையும் வேலிக்கு அப்பால் எறிவதும் இதைப் போன்றதே. ஒருமுறை உணவு கிடைத்த இடத்துக்கு யானை மறுபடியும் வரும்; விருந்தாளி அப்போது ஊருக்குப் போயிருப்பார். பொலித்தீன் பைகளை அங்கே விட்டுவரவே கூடாது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனை உணவோடு விழுங்கிய யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகெங்கும் பேசப்பட்டது.

வீதியோர யானைக்குப் பழம் கொடுப்பதைச் சிலர் புண்ணியமாகக் கருதுகிறார்கள். புத்தல - கதிர்காமம் வீதியில் இவ்வழக்கத்தால் யானைகள் பஸ்களையும் வான்களையும் மறித்து யன்னலுக்குள் தும்பிக்கையை விடப் பழகிவிட்டன. இரந்துண்ணப் பழகிய யானை, கொடுக்காதவரைத் தாக்கத் தொடங்குகிறது. பின்னர் அதுவே ஆபத்தான யானை என்று பேரெடுத்துச் சாகிறது.

வேலியும் படலையும்

பல கிராமங்களைச் சுற்றி இப்போது சூரிய சக்தியால் இயங்கும் மின்சார வேலி உண்டு. இதில் மின் தொடர்ந்து பாய்வதில்லை. கணப்பொழுது துடிப்புகளாகவே பாய்கிறது. தொட்டால் கடும் அதிர்ச்சி ஏற்படும். உயிர் போகாதவாறு அது அமைக்கப்பட்டுள்ளது. கம்பியில் கொடி படர்ந்தாலும், மின்கலம் பழுதானாலும், ஒரு படலை திறந்து கிடந்தாலும் வேலி முழுவதும் பயனற்றதாகிவிடும். யானை மிகுந்த அறிவுள்ள விலங்கு. பட்ட மரத்தைத் தள்ளிக் கம்பியின் மேல் விழுத்தி வழி செய்யவும் அது பழகியிருக்கிறது. ஆகவே ஊரவர்கள் முறைவைத்து வேலியைத் துப்புரவாக்கி, மாலையில் படலைகளைச் சாத்துகிறார்கள். குளத்துக்குக் குளிக்கப் போன விருந்தாளிகள் படலையைத் திறந்தபடி விட்டு வந்தால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல, ஊர் முழுவதற்கும் அன்றிரவு காவல் இல்லை.

இதற்கு முற்றிலும் மாறானது, பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சும் வழக்கம். இது சட்டவிரோதமானது, யானையையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாகவே கொல்லும். வயல் ஓரத்திலோ தோட்ட ஓரத்திலோ தாழ்வாகக் கட்டிய கம்பி எதையும் பிள்ளைகள் தொடவோ தாண்டவோ கூடாது என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

காட்டுக்கும் குளத்துக்கும் போகும்போது

பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போவதற்குப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். பாலைப்பழம் கரடிக்கும் மிக விருப்பமான உணவு. அது மரத்தில் ஏறியும் உண்ணும். புற்றைக் கிண்டிக் கறையான் தின்னும்போதும் தேன் எடுக்கும்போதும் கரடிக்குச் சுற்றுப்புற நினைவு குறைவு. ஆள் அருகே வந்தபின்னரே திடுக்கிட்டுப் பாய்கிறது. அப்போது அது முகத்தையும் தலையையுமே கிழிக்கும். யானையைக் கண்டால் விலக வழி கிடைக்கலாம், கரடி அந்த அவகாசத்தைத் தராது என்று வன்னி மக்கள் அஞ்சுவது இதனால்தான். எனவே ஊரவர் ஒருவருடன், நாலைந்து பேராக, சத்தமாகக் கதைத்தபடி, நன்கு விடிந்தபின் போய் மதியத்துக்குள் திரும்ப வேண்டும். பற்றைக்குள் பிள்ளைகளை முன்னே ஓட விடக் கூடாது.

காட்டுக்குள் கண்ணிவெடி அபாயம் முற்றாக நீங்கிவிட்டதென்று எண்ணக் கூடாது. வடக்கில் சில இடங்களில் அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. மண்டையோட்டு அடையாளமுள்ள சிவப்புப் பலகையையோ சிவப்புக் குறியிட்ட தடிகளையோ கண்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. நிலத்தில் கிடக்கும் இரும்புப் பொருள் எதையும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

குளங்களில் முதலை உண்டு. ஊரவர்கள் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்க வேண்டும். நீச்சல் தெரிந்த நகரத்து இளைஞர்கள் குளத்தின் நடுப்பகுதிக்குப் போய்க் கொடியிலும் சேற்றிலும் சிக்கி இறப்பது முதலையால் இறப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

பாம்புக்கடி

கோடை வெக்கையில் வெறுநிலத்தில் பாய் விரித்துப் படுப்பது சுகமானது. ஆனால் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும் இயல்புள்ளது. அந்தக் கடி நோகாது. கடித்த அடையாளமும் தெரியாமல் இருக்கலாம். விடியற்புறம் வயிற்றுநோ, கண் இமை தானே மூடுதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும். இப்படி ஒருவர் எழும்பினால் உணவு ஒவ்வாமை என்று எண்ணிக் காலம் கடத்தக் கூடாது. கட்டிலிலோ, ஓரங்களைப் பாயின் கீழ் நன்கு செருகிய நுளம்பு வலைக்குள்ளோ படுப்பது நல்ல பாதுகாப்பு. புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியன் வயல் வரம்பிலும் வைக்கோல் அருகிலும் கிடக்கும். இருளில் செருப்பின்றி நடக்கக் கூடாது.

கடிபட்டவரை ஆறுதல்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், மோதிரம், காப்பு என்பவற்றைக் கழற்றி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். காயத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கானவை. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைகளில் நச்சுமுறி மருந்து இலவசமாக ஏற்றப்படுகிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். போய்ச் சேர்ந்த அன்றே, நச்சுமுறி மருந்து ஏற்றும் வைத்தியசாலை எது, அதற்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பவற்றைக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

"மான் இறைச்சி இல்லையோ?"

வன்னிக்குப் போனால் மான் இறைச்சி, மரை வத்தல் என்று எதிர்பார்ப்பவர்கள் இன்னும் உண்டு. "வன்னியில இருந்துகொண்டு இதுகூட இல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டாலும், வந்தவர் மனம் குறையக் கூடாதே என்று வீட்டுக்காரர் கடன்பட்டாவது எங்கேனும் வாங்கிச் சமைக்கிறார். வந்தவர்கள் போகும்போது பொதி கட்டியும் கொண்டுபோகிறார்கள். இந்தக் கேள்வியினால் ஏற்படும் விளைவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அகப்பட்டால் நீதிமன்றம் செல்வது இறைச்சியைச் சாப்பிட்ட கொழும்பு விருந்தாளியல்ல. விற்றவரும் வைத்திருந்தவருமான கிராமத்தவரே. மேலும் இந்த வியாபாரத்துக்காக வைக்கும் சுருக்குக் கம்பிக்கு மான் எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதத்தில் மலையகத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கி இறந்தது மிக அரிதான கருஞ்சிறுத்தை. பூசணிக்காய் போன்றவற்றுக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் என்னும் வாய்வெடி பன்றிக்கென்று வைக்கப்பட்டாலும், அதைக் கடித்து வாய் சிதைந்த யானைக் குட்டிகள் உண்ண முடியாமல் பல நாட்கள் பட்டினி கிடந்து இறக்கின்றன. விறகு பொறுக்கப் போகும் பெண்களும் ஆடு மேய்க்கும் சிறுவர்களும் அதே காட்டில்தான் நடக்கிறார்கள். ஆகவே, "எங்களுக்குக் கீரையும் தயிரும் போதும், வேறொன்றும் தேட வேண்டாம்" என்று விருந்தாளி முதலே சொல்லிவிடுவது வீட்டுக்காரருக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

விருந்தாளி செய்யக்கூடிய உதவி

"ஏன் இந்தக் காட்டுக்குள்ள கிடந்து கஷ்டப்படுறியள்? வித்துப்போட்டு ரவுணுக்கு வாங்கோவன்" என்று புத்தி சொல்வது எளிது. இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, திரும்பி வந்து காடு வெட்டிய மண்ணை விட்டு வரச் சொல்வது அவர்களுக்கு ஆறுதலாக இராது. ஆறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னையின் குருத்தை ஓர் இரவில் யானை பிடுங்கித் தின்றபின்னும் மறுநாள் புதிய கன்று நடுகிறவர்கள் அவர்கள்.

அவர்களுக்குப் பயன்படும் காரியங்கள் சில உண்டு. புடவை வாங்கும் பணத்தில் நல்ல ரோச் லைற் ஒன்றையும் நுளம்பு வலையையும் வாங்கிக் கொண்டுபோகலாம். நெல்லைப் படுக்கையறைக்கு வெளியே வேறாக வைக்கச் சிறு அறை கட்ட உறவினர் நாலுபேர் சேர்ந்து உதவலாம். வேலி துப்புரவாக்கும் நாளில் வீட்டு இளைஞரோடு சேர்ந்து போகலாம். பயிரை யானை அழித்துவிட்டால் உரிய அரச அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதவேண்டும். எழுதப் படிக்க வசதியுள்ள நகரத்து உறவினர் இருக்கும் நாட்களில் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும், பிள்ளைகள் சேதத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கொடுப்பதும் உண்மையான கைகொடுப்பாகும்.

இன்னொன்றும் செய்யலாம். தங்கும் இரவுகளில் ஒன்றிலாவது, ஊரில் பழகிய பெரியவர் ஒருவரோடு திண்ணையில் விழித்திருந்து, வீட்டுக்காரரை விடியும்வரை நித்திரை கொள்ள விடலாம். நாய் குரைத்தால் யாரும் தனியாக வெளியே இறங்காமல், வெளிச்சம் பாய்ச்சிக் குரல் கொடுத்து, அயல்வீட்டாரையும் எழுப்பவேண்டும். யானை வெடியை அதில் பழகியவரே போடட்டும். பயிர் முற்றும் காலத்தில் ஒரு முழு இரவு நித்திரை அந்த வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை கிடைக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், அதைவிடப் பெரிய விருந்துப் பண்டம் எதுவும் இல்லை என்பது தெரியவரும்.